விதைக்கிழங்கினுள் மறைந்திருக்கும் பங்கசு நோயும் அதனை அறியும் புதிய முறையும்



கெகல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கையாகப் பெருகும் இவ்வட்டாரத்தில் மழைக்குக் குறைவில்லை. பள்ளத்திலே நெல், வரம்பிலே சேம்பு, மேட்டிலே இஞ்சியும் கருணையும் இன்னலக் கிழங்கும், லயத்துக்குப் பின்னாலுள்ள சிறு துண்டு நிலத்திலே மரவள்ளி என்று பொல்பிட்டியவிலும் கினிகத்தேனைப் பக்கத்திலும் மண்ணுக்கடியில் விளையும் பயிர்களை நம்பியிருக்கும் குடும்பங்கள் பல. இப்பயிர்களை வளர்க்கும் மழையே அவற்றை அழுகச் செய்யும் பங்கசுகளையும் வளர்க்கின்றது. பங்கசு என்பது நம்மவர் பூஞ்சணம் என்று வழங்குவதே. நெற்பயிரில் எரிபந்த நோயை உண்டாக்குவதும் இவ்வினத்தைச் சேர்ந்த ஒன்றே.

நெல்லுக்கு அத்தாட்சிப்படுத்திய விதை கிடைக்கின்றது. இஞ்சிக்கும் சேம்புக்கும் கருணைக்குமோ, பெரும்பாலும் அயலார் தோட்டமே விதைப் பண்ணையாக இருக்கின்றது. சென்ற போகத்தில் ஒருவர் தோட்டத்தில் இருந்த நோய், உறவு முறையாலும் கடன் முறையாலும் கைமாறும் விதைக்கிழங்கோடு அடுத்த போகத்தில் பத்துத் தோட்டங்களுக்குச் சென்றுவிடுகின்றது. கிழங்கின் தோல் சுத்தமாயிருக்கலாம். உள்ளே ஒரு நூலிழையளவு பங்கசு உறங்கிக்கொண்டிருக்கலாம். கண்ணுக்கு அது தெரியாது. அவ்வாறு உறங்கும் நோயை விழிக்குமுன் காட்டிக்கொடுக்கும் முறையொன்று இன்று ஆய்வுகூடங்களில் உண்டு. அதனை மூலக்கூற்று முறை என்பர். இம்முறையைச் செத்துக்கொண்டிருக்கும் பயிருக்குப் பெயர் சூட்டுவதற்காகச் செலவிடுவதைவிட, நடுவதற்கு முன் விதைக்கிழங்கைச் சோதிப்பதற்கே முதலில் பயன்படுத்தவேண்டும் என்பதும், அதற்கான செலவைத் தனி மனிதன் மீது சுமத்தாது பொதுப் பணத்தினின்று ஏற்கவேண்டும் என்பதும் என் கருத்து. இக்கருத்தை ஏற்காத உத்தியோகத்தர்களும் உளர். ஆதலின் காரணங்களைச் சற்று விரித்துக் கூறுகின்றேன்.

"நோய்க்குப் பெயர் எதுவானால் என்ன? அழுகல் அழுகல்தானே, மருந்தை அடித்தால் போயிற்று" என்று பலர் கூறக் கேட்டிருக்கின்றேன். இது சரியன்று. இஞ்சிப் பாத்தியில் இலைகள் அடியிலிருந்து மஞ்சளித்து, தண்டு சாய்ந்து, கிழங்கு கூழாகிவிடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். இதற்குக் காரணம் பித்தியம் என்னும் நீரில் நீந்தும் உயிராயிருக்கலாம். பியூசேரியம் என்னும் உண்மைப் பங்கசாயிருக்கலாம். அல்லது பங்கசே அன்றி வாடல் நோயை விளைக்கும் ரால்ஸ்டோனியா என்னும் பற்றீரியாவாயிருக்கலாம். தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு மூன்றும் ஒன்றே. ஆனால் மருந்துக்கு மூன்றும் ஒன்றல்ல. மெற்றலக்சில் என்னும் மருந்து பித்தியத்தையும் அதன் உறவான பைற்றோத்தராவையும் தாக்கும்; பியூசேரியத்தை ஒன்றும் செய்யாது. கார்பெண்டசிம் வகை மருந்துகளோ நேர்மாறானவை. பித்தியத்துக்கு அவற்றால் ஒரு தீங்கும் இல்லை. இவ்விரண்டையும் கலந்து ஊற்றினாலும் பற்றீரியா கவலைப்படாது. இதன் காரணம் யாதெனில், பித்தியமும் பைற்றோத்தராவும் பங்கசைப் போல் இழையாக வளர்ந்தாலும் பிறப்பால் பங்கசு அல்ல. அவை கடற்பாசிகள் சிலவற்றுக்கு நெருங்கிய இனம். பழக்கம் பற்றி அவற்றையும் பங்கசு நோய் என்றே நாம் சொல்லிவருகின்றோம். இத்துண்டுப் பிரசுரத்திலும் அவ்வழக்கையே கைக்கொண்டுள்ளேன்.

ஆகவே பெயர் தெரியாமல் மருந்து வாங்குவது, வீட்டுக்காரன் பெயர் தெரியாமல் கதவைத் தட்டுவது போன்றது. சில சமயம் சரியான வீடாக அமையும். பல சமயம் பணம் போகும், மண்ணில் நஞ்சு சேரும், நோயும் போகாது.

எனினும் எல்லாவற்றுக்கும் ஆய்வுகூடத்தை நோக்கி ஓடவேண்டியதில்லை. பற்றீரியா வாடலை அறிவதற்கு ஒரு கண்ணாடிக் குவளையும் தெளிந்த நீரும் போதும். வாடிய தண்டின் அடிப்பாகத்தை இரண்டு அங்குல நீளத்துக்கு வெட்டி, வெட்டு வாய் நீரில் சற்றே அமிழும்படி பிடிக்கவேண்டும். சில நிமிடங்களில் வெட்டு வாயினின்று பால்நிற நூல் போன்ற ஒழுக்கு கீழ்நோக்கி இறங்குமாயின் அது பற்றீரியா. தக்காளிக்கும் கத்தரிக்கும் உருளைக்கிழங்குக்கும் இதே சோதனை பொருந்தும். சென்ற ஆண்டு லயத் தோட்டத்து அம்மையார் ஒருவர், கடையில் கொடுத்த வெள்ளைத் தூளை இருமுறை கரைத்து ஊற்றியும் இஞ்சி சாகின்றது என்று ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "ஐயா, இதற்கு மேல் எந்த மருந்து வாங்குவது?" என்றார். அவர் கண்முன்னேயே தண்டை வெட்டிக் குவளை நீரில் பிடித்தேன். பால் இறங்கிற்று. அவர் ஊற்றிய தூள் பங்கசுக்குரியது. நோயோ பங்கசு அன்று. இரண்டு நாட் சம்பளம் மண்ணில் கரைந்துபோயிற்று. அவர் அதைக் கேட்டு அழவில்லை. "இதை முதலிலேயே யாராவது வெட்டிப் பார்த்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

அதுபோலவே கருணைக்கிழங்கின் கழுத்தழுகலை முற்றிய நிலையில் அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெண்ணிறப் பஞ்சு போன்ற இழைகள் விசிறிபோலப் பரவி, அவற்றினிடையே கடுகளவான பழுப்பு மணிகள் காணப்படுமாயின் அது ஸ்கிளரோசியம் ரொல்ப்சி. இம்மணிகள் உணவின்றியும் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். கருணையை மட்டுமன்றி மிளகாய், தக்காளி, போஞ்சி, நிலக்கடலை என நூற்றுக்கணக்கான பயிர்களைத் தாக்கும். நெல் வயல் உடையவர்களுக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு: பல வாரங்கள் நீர் தேங்கி நிற்கும் மண்ணில் இம்மணிகள் அழுகி அழிகின்றன. வயலில் நெல்லை அறுத்தபின் மரக்கறி வைப்பவர்கள் அறியாமலே இந்நன்மையைப் பெற்றுவருகின்றார்கள்.

ஆய்வுகூடம் வேண்டியது, கண்ணும் குவளையும் தோற்கும் இடத்தில். அதாவது, நோய் இன்னும் வெளிப்படாத கிழங்கில்.

பழைய முறையில், சந்தேகத்துக்குரிய கிழங்கிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, ஏகார் என்னும் கடற்பாசிக் கூழில் வைத்து, பங்கசு வளரும்வரை காத்திருந்து, நுணுக்குக்காட்டியில் அதன் வித்திகளைப் பார்த்துப் பெயர் சொல்வர். இதற்கு ஒரு வாரம் முதல் சில வாரங்கள்வரை செல்லும். சில பங்கசுகள் கூழில் வளர மறுக்கும். அழுகலின்மேல் பின்னால் வந்து குடியேறிய வேறு பூஞ்சணம் விரைந்து வளர்ந்து, உண்மைக் குற்றவாளியை மறைத்துவிடுவதும் உண்டு. பித்தியத்தின் இனங்களை ஒன்றிலிருந்து மற்றொன்று பிரித்தறிவது தேர்ந்த கண்களுக்கும் கடினம். அதற்குள் நடுகைக் காலம் கடந்துவிடும்.

புதிய முறை பங்கசின் உருவத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வோர் உயிரின் கலத்திலும் டீ.என்.ஏ. என்னும் நுண்ணிழை உண்டு. அவ்வுயிர் எவ்வாறு அமையவேண்டும் என்பது நான்கே எழுத்துக்களால் அவ்விழையில் எழுதப்பட்டிருக்கின்றது. அதில் ஒரு குறிப்பிட்ட பங்கசுக்கு மட்டுமே உரிய வரியொன்றைத் தெரிந்தெடுத்து, அவ்வரியின் இரு முனைகளிலும் சென்று ஒட்டிக்கொள்ளக்கூடிய இரண்டு சிறு துண்டுகளை ஆய்வுகூடத்தில் செய்துவைத்துக்கொள்வர். கிழங்கின் துணுக்கை அரைத்து டீ.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, இத்துண்டுகளையும் ஒரு நொதியத்தையும் சேர்த்துக் கருவியில் வைப்பர். ஏறக்குறைய 95 பாகை செல்சியசில் இழை இரண்டாகப் பிரியும். 55 முதல் 60 பாகையில் துண்டுகள் தத்தம் இடத்தில் ஒட்டும். 72 பாகையில் நொதியம் விடுபட்ட எழுத்துக்களை நிரப்பும். ஒரு சுற்று முடிந்தால் ஒன்று இரண்டாகும். பத்துச் சுற்றில் ஆயிரத்துக்கு மேல், இருபதில் பத்து இலட்சத்துக்கு மேல், முப்பதில் நூறு கோடிக்கு மேல் அவ்வரி பெருகும். பங்கசு அங்கே இல்லையாயின் துண்டுகளுக்கு ஒட்ட இடமில்லை, எதுவும் பெருகாது. இரண்டொரு மணி நேரத்தில் இது முடிந்துவிடும். பொலிமரேசுச் சங்கிலித் தாக்கம் என்று பெயர்பெற்ற இம்முறையை 1983ஆம் ஆண்டு அமெரிக்கரான கரி மல்லிசு வகுத்தார். 1993இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். கொதிக்கும் சூட்டிலும் கெடாத அந்நொதியம், அமெரிக்காவின் வெந்நீர் ஊற்றொன்றில் வாழ்ந்த பற்றீரியாவினின்று கிடைத்தது என்பது வியப்புக்குரியது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தவர்களில் எவரேனும் அந்நீரில் உயிர் வாழும் என்று நினைத்திருப்பாரோ!

இது நமக்கு எட்டாத மேனாட்டுச் சமாசாரம் என்று எண்ணவேண்டாம். நம்மைப் போலவே மழையிலும் கிழங்கிலும் வாழும் கேரளத்தில், திருவனந்தபுரத்தை அடுத்த சிறீகாரியத்தில் 1963ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. சேம்பின் இலைக்கருகலை உண்டாக்கும் பைற்றோத்தரா கொலக்கேசியேயையும், கருணையின் கழுத்தழுகலை உண்டாக்கும் ஸ்கிளரோசியம் ரொல்ப்சியையும் தனித்தனியே இனங்காட்டும் சோதனைகளை அந்நிலையத்தார் 2010ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட பயிர்கள் நம் வரம்பிலும் மேட்டிலும் நிற்கும் அதே பயிர்கள். சேம்பின் இலைக்கருகல் அற்பமான நோய் என்று கருதுவோர் சமோவா நாட்டை நினைத்துப் பார்க்கவேண்டும். பசிபிக் கடலிலுள்ள அத்தீவுகளில் சேம்பே முதன்மையான உணவும் ஏற்றுமதிப் பொருளுமாயிருந்தது. 1993இல் இந்நோய் அங்கு நுழைந்தது. ஓரிரு ஆண்டுகளுக்குள் சேம்பு ஏற்றுமதி ஏறக்குறைய அற்றுப்போயிற்று. மழையும் ஈரமான இரவும் காற்றும் மட்டும் போதுமானவையாக இருந்தன.

பெயர் தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டதாகாது என்பதையும் சொல்லவேண்டும். இதற்கு நம் மலைநாட்டைவிடச் சிறந்த சான்று வேறு எங்கும் இல்லை. 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சட் பொடி காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்சு என்பார் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு அறிவில் அக்காலத்தில் தலைசிறந்தவரான பேர்க்கிலி என்பார் அவ்வாண்டிலேயே அதற்கு ஹெமிலியா வஸ்தாற்றிக்ஸ் என்று பெயரிட்டுவிட்டார். பெயர் உடனே கிடைத்தது, கோப்பி பிழைக்கவில்லை. அது வித்திகளால் எவ்வாறு இலையினுள் நுழைகின்றது என்பதை முறையாக ஆராய மார்சல் வாட் என்பார் இலங்கைக்கு வந்தது 1880இலேயே. செம்பும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை பிரான்சில் வெளியானது 1885இல். அதற்குள் தோட்டங்கள் பட்டுப்போய், துரைமார் தேயிலையை நடத் தொடங்கிவிட்டனர். கோப்பி பறிக்கவென்று இம்மலைக்கு வந்த நம் முன்னோரின் பிள்ளைகள் கொழுந்து பறிக்கலாயினர். பெயருக்கும் நடவடிக்கைக்கும் இடையில் விழுந்த அந்தப் பதினாறு ஆண்டுகளை நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. பங்கசு எதுவென்று மட்டும் எழுதி அனுப்பும் ஆய்வுகூட அறிக்கை, அதனைப் பெற்றவன் அடுத்த நாட் காலையில் என்ன செய்யவேண்டும் என்று சொல்லாவிட்டால், அது பேர்க்கிலியின் கடிதத்துக்கு மேலானதன்று.

இக்காரணம் பற்றியே விதைக்கிழங்கை முதலில் சோதிக்கவேண்டும் என்கின்றேன். வயலில் நிற்கும் பயிரில் நோய் உறுதியானால் செய்யக்கூடியவை சிலவே: பிடுங்கி எரித்தல், வடிகால் வெட்டுதல், சுற்றியுள்ள செடிகளைக் காத்தல். விதைக்கிழங்கில் உறுதியானாலோ, அக்குவியலை விதையாக்காமல் விடலாம். நோய் அத்தோடு நின்றுவிடும். ஒரு குவியலின் சோதனை இருபது தோட்டங்களைக் காக்கும்.

ஆனால் எத்தனை கிழங்கைச் சோதிப்பது? இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். குவியலில் நூற்றுக்கு ஒரு கிழங்கு நோயுற்றதாக வைத்துக்கொள்வோம். ஐந்து கிழங்கை எடுத்துச் சோதித்தால், நூறு தடவையில் தொண்ணூற்றைந்து தடவை அந்நோய் நம் கைக்கு அகப்படாமல் தப்பிவிடும். அகப்படுவது உறுதி என்று ஓரளவு சொல்லவேண்டுமானால் முந்நூறு கிழங்குகளிலிருந்து துணுக்கு எடுக்கவேண்டும். அப்போதுதான் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை அகப்படும். பத்துப் பத்துத் துணுக்குகளைக் கூட்டி அரைத்தால் முப்பது சோதனைகள். லயத்தில் வாழும் ஒருவர், தாம் நடும் இருபது இறாத்தல் இஞ்சிக்காக முப்பது சோதனைக்குப் பணம் கட்டுவது நடவாத காரியம். கட்டச் சொல்வதும் நியாயமன்று. ஏனெனில் நோயற்ற விதையின் பயன் அவருக்கு மட்டும் உரியதன்று, அவரிடம் அடுத்த ஆண்டு விதை வாங்குபவர்களுக்கும் உரியது. அயலவர் பலர் சேர்ந்து, நன்றாக நீர் வடியும் ஓரிடத்தில் ஒருவர் பொறுப்பில் விதைப் பாத்தி அமைத்து, அப்பாத்தியின் கிழங்கை மட்டும் அரசாங்கச் செலவில் சோதிப்பது நடக்கக்கூடியது. பேராதனையிலும் கன்னொறுவையிலும் இதற்கான கருவிகளும் கற்றவர்களும் உளர். மேலும், ஜப்பானியர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட லாம்ப் என்னும் முறைக்குச் சூட்டை ஏற்றி இறக்கும் கருவியும் வேண்டியதில்லை; 60 முதல் 65 பாகையில் ஒரே சூட்டில் வைக்கும் நீர்த்தொட்டி போதும்; ஒரு மணி நேரத்துக்குள் விடை தெரியும். கமநல சேவை நிலையங்களில் இதனை நடத்திப் பார்க்கவேண்டும் என்று நான் கேட்டுவருகின்றேன்.

இம்முறையின் குறைகளையும் மறைக்கலாகாது. செத்துப்போன பங்கசின் டீ.என்.ஏ.யையும் இது காட்டிவிடும். ஆகவே மருந்திட்ட உடனே சோதித்தால் வீண் பயம் உண்டாகலாம். சேம்பின் வழுவழுப்பும், கிழங்கின் மாப்பொருளும், இலைமக்கு மிகுந்த நம் கரிய மண்ணும் நொதியத்தின் வேலையைத் தடுக்கும். துணுக்கைச் சரியாகத் தூய்மை செய்யாவிட்டால், நோய் இருந்தும் இல்லை என்று விடை வரும். எந்தப் பங்கசைத் தேடுகின்றோமோ அதனைப் பற்றி மட்டுமே இச்சோதனை பேசும். தேடாததைப் பற்றி வாய் திறவாது. ஆதலால் "சோதித்த விதை" என்று வியாபாரி ஒருவர் சொன்னால், எதற்காகச் சோதித்தது, எத்தனை கிழங்கைச் சோதித்தது என்று தயங்காமல் கேளுங்கள்.

நுவரெலியாப் பக்கத்து உருளைக்கிழங்குக் கமக்காரர்களுக்கும் ஒரு சொல். உருளைக்கிழங்கையும் தக்காளியையும் கருக்கும் பைற்றோத்தரா இன்பெஸ்ரன்சு ஒரே பெயருடையதாயினும் ஒரே குலமன்று. 2009, 2010 ஆண்டுகளில் தென்னிந்தியாவில் தக்காளியையும் உருளைக்கிழங்கையும் பெரிதும் அழித்தது, முன்னர் ஐரோப்பாவில் பரவிய 13-ஏ2 என்னும் குலம் என்பதை டீ.என்.ஏ. சோதனையே காட்டிற்று. இக்குலம் மெற்றலக்சிலுக்கு அடங்காதது. கண்ணாலும் நுணுக்குக்காட்டியாலும் குலத்தைப் பிரித்தறிய இயலாது. கடல் கடந்து விதைக்கிழங்கு வாங்கும் நாடு நம்முடையது. எந்தக் குலம் வந்திறங்குகின்றது என்று பார்த்துக்கொண்டிருப்பது வீண் செலவன்று.

இவை நடைமுறைக்கு வரும்வரை, நோய்க் குறி கண்டவர்கள் மாதிரியைச் சரியாகக் கொண்டுவந்தாலே பாதி வேலை முடிந்ததாகும். முழுவதும் அழுகிய செடியைக் கொண்டுவரவேண்டாம். அதில் பிணந்தின்னும் பூஞ்சணங்களே மிஞ்சியிருக்கும். நோய் தொடங்கிய செடியொன்றை வேரோடும் ஒரு பிடி மண்ணோடும் தோண்டி எடுங்கள். பக்கத்திலுள்ள நல்ல செடியொன்றையும் தனியே எடுங்கள். கிழங்கை வெட்டுவதானால், பாதி நோயும் பாதி நலமும் சேர்ந்த ஓரத்தையே வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியை நெருப்பில் காட்டுங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் வழியிலேயே வியர்த்து அழுகிவிடும். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றுங்கள். எடுத்த நாள், விதை வாங்கிய இடம், அதற்கு முன் அந்நிலத்தில் நின்ற பயிர், இதுவரை இட்ட மருந்துகள் ஆகியவற்றை ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துபோகும்.